தாவரவியல் வகுப்புவரை தொங்கிய பின்னல்

நீங்கள் நம்பாவிட்டால் பரவாயில்லை. என் பிள்ளைகளே நம்புவதில்லை. இத்தனைக்கும் அவர்கள் அன்று காருக்குள்தான் இருந்தார்கள்.

லேகா பிளஸ் டூ முடித்திருந்த ஜூன் மாதம். நானும் என் கணவர் ஞானசிகாமணியும் படித்த கல்லூரியை அவளுக்கும் தம்பி செழியனுக்கும் காட்டிவிட வேண்டுமென்று விழுப்புரத்திலிருந்து திருநெல்வேலிப் பக்கம் கிளம்பினோம். எங்களிடம் இருந்தது ஒரு பழைய அம்பாசிடர். அதன் வேகத்தைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. எங்களுக்குப் பின்னால் புறப்பட்ட மாட்டுவண்டி ஒன்று திருச்சிக்கு முன்பே எங்களை முந்தியது. முந்திய மாடு திரும்பிப் பார்த்து, கூட வரட்டுமா என்று கேட்பதுபோல் நின்றது. விழுப்புரத்தில் ஏறும்போது செழியனுக்கு அரும்பு மீசைகூட இல்லை. மதுரை தாண்டியதும் பிளேடு கேட்டான்.

இதைச் சொல்லும்போதெல்லாம், "நான் அப்ப ஆறாவதும்மா" என்று இன்றைக்கும் பக்கத்து அறையிலிருந்து குரல் வரும். வரட்டும்.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாத்தூரில் வெள்ளரிப் பிஞ்சு வாங்கி, என் பையில் போட்டுக் கார் சீட்டில் வைத்தேன். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து பார்த்தால் கூட்டாகியிருந்தது. உப்பு மட்டும் கொஞ்சம் குறைவு.

வழி முழுக்க நான் பேசிக்கொண்டே வந்தேன். நூறு மீட்டர் ஓட்டத்தில் விசில் சத்தம் என்னைத் துரத்திக்கொண்டு ஓடிவந்து, நான் கோட்டைத் தொட்டு, தண்ணீர் குடித்து, முகம் கழுவிய பிறகுதான் வந்து சேர்ந்தது என்றேன்.

"மூச்சு வாங்குச்சாம்மா அதுக்கு?" என்றான் செழியன்.

"பாவம், உக்காந்துடுச்சு."

பிறகு என் பின்னலைப் பற்றிச் சொன்னேன். தமிழ் வகுப்பு மாடியில். நான் ஜன்னலோரம் உட்கார்ந்தால் பின்னலின் நுனி கீழே தாவரவியல் வகுப்பின் ஜன்னலுக்குள் தொங்கும். கீழே இருந்த ஒரு மாணவர் அதைப் புதுவகைக் கொடி என்று எண்ணி, கத்தரித்து, தாளில் ஒட்டி, லத்தீனில் பெயரும் எழுதிவிட்டார். அவர்தான் இதோ, கார் ஓட்டுகிறார்.

"பரிசுகூடக் கொடுத்தாங்க" என்றார் இவர், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். பொய்க்குத் துணை நிற்பதில் இவரைப்போல ஒரு மனுஷன் கிடையாது.

"இப்ப எலிவால் மாதிரில்ல இருக்கு?" என்றான் செழியன்.

"அவ்வளவையும் வளர்த்த களைப்புடா."

கோவில்பட்டி வந்ததும் நான் ஆற்றையே எடுத்துவிட்டேன். முத்தமிழ் விழாவில் நான் பேசிய அன்று தாமிரபரணி தன் வழியை விட்டு மேலேறி, கல்லூரி மதிலைத் தாண்டி, அரங்கத்தின் ஜன்னலோரம் முழங்கால் ஆழத்துக்கு நின்று கேட்டது. பேச்சு முடிந்ததும் கைதட்டத் தெரியாமல் அப்படியே திரும்பிப் போயிற்று. மறுநாள் அரங்கத்தைப் பெருக்க வந்தவர்கள் மீன்களை ஒரு பக்கமும் என் சொற்களை ஒரு பக்கமுமாகக் கூட்டி அள்ளினார்கள்.

லேகாவுக்குக் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. நானோ எங்கள் கல்லூரியில்தான் சேர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். அவள் கண்ணாடியை இறக்கிவிட்டுச் சொன்னாள்:

"அம்மா, ஆறு வேண்டாம், கொடி வேண்டாம். அந்த காலேஜ்ல ஒரே ஒருத்தர் உன்னை ஞாபகம் வச்சிருக்கட்டும். நான் அங்கேயே சேர்றேன். இல்லன்னா கோயம்புத்தூர். அப்புறம் நீ பேசக் கூடாது."

"ஒருத்தரா? ஊர்வலமே வரும்டி" என்றேன்.

வாசலில் காவலாளி தடுத்தார். "யாரைப் பாக்கணும்?"

என்னைத்தான் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. "சும்மா, பழைய மாணவர்கள்" என்றேன். பதிவேட்டில் எழுதச் சொன்னார். எழுதினேன். என் பெயரை ஒரு மளிகைச் சாமானைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார்.

தமிழ்த் துறைக்குப் போனேன். அங்கிருந்த பேராசிரியர்களெல்லாம் நான் படித்தபோது பிறந்திருக்கவே முடியாத முகங்கள். நூலகத்தில் கேட்டேன், கேண்டீனில் கேட்டேன். என் பெயரைச் சொன்னபோது எல்லோரும் அன்பாகச் சிரித்தார்கள்; தெரியாதவர்களிடம் சிரிக்கும் அந்தச் சிரிப்பு. மைதானத்தோர வாகை மரம் மட்டும் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மரத்துக்கு முகமா என்று கேட்காதீர்கள். திருப்பிக்கொண்ட பிறகு எப்படிக் காட்டுவது?

கடைசியாகப் பெண்கள் விடுதி. இவரும் செழியனும் வெளியே நின்றுகொண்டார்கள். படிக்கட்டில் ஏழெட்டுப் பெண்கள் தலை காய வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் விடுதியில் ஒரு வழக்கம்: முன்னால் படித்தவள் எவளானாலும், காதோரம் நரைத்து வந்து நின்றாலும், அக்காதான்.

"யாருக்கா நீங்க?" என்றாள் ஒருத்தி.

வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு ஒரு பொய்கூட வரவில்லை. பையைத் திறந்து எதையோ தேடினேன். வெள்ளரிக்காய் வாசனைதான் அடித்தது.

அப்போது லேகா எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இவங்களைத் தெரியாதா உங்களுக்கு? திலகவதி அக்கா! படிப்பு முடிஞ்சு இவங்க ஊருக்குப் போன அன்னிக்கு இந்த ஹாஸ்டல் மணி அடிக்க மாட்டேன்னுடுச்சு. மூணு ஆள் கயித்தைப் பிடிச்சுத் தொங்கினாங்க. ம்ஹூம். சாப்பாட்டு நேரம் தெரியாம ஹாஸ்டலே பட்டினி. கடைசில பிரின்சிபல் ஸ்டேஷனுக்கு ஓடிப்போய் அழுதாரு. அதைக் கேட்டுட்டு, இவங்க போன ரயில் கோவில்பட்டிலேருந்து அப்படியே பின்பக்கமா திரும்பி வந்துச்சு."

"அய்யோ, புளுகு!" என்று ஒருத்தி சீப்பை விட்டெறிந்தாள். இன்னொருத்தி என் முகத்தைப் பார்த்தாள். "நெசமாக்கா?"

என் மகளை நான் பார்த்தேன். இந்தப் பெண்ணை எங்கே பெற்றேன் என்று இருந்தது.

"சின்னப் பொண்ணு, அடக்கமா சொல்றா" என்றேன். "கோவில்பட்டி இல்லம்மா, எழும்பூர். நான் விழுப்புரத்துலயே இறங்கிட்டேன். அது தெரியாம அந்த ரயில் அவ்வளவு தூரமும் வெறும் ரயிலா திரும்பி வந்து, இங்க என்னைத் தேடிக்கிட்டு நின்னுச்சு."

படிக்கட்டு முழுக்கச் சிரிப்பு. நகர்ந்து இடம் கொடுத்தார்கள். வெயில் இறங்கும்வரை உட்கார்ந்திருந்தேன். தலைமுடி காய்ந்தது அவர்களுக்கு. எனக்குக் காய ஒன்றும் இல்லை, ஆனாலும் உட்கார்ந்திருந்தேன்.

திரும்பும்போது காரில் ஏறியதும் நான் பழைய ஆளாகிவிட்டேன்.

"பாத்தியாடி? இனிமே அந்தப் பொண்ணுங்க ஜென்மத்துக்கும் என்னை மறக்க மாட்டாங்க. ஒருத்தர் கேட்ட, ஏழெட்டுப் பேர் இருக்காங்க. பந்தயம் எனக்கு."

லேகா கண்ணாடியை ஏற்றினாள்.

"அவங்க ஞாபகம் வச்சிருக்கப் போறது நான் சொன்ன அம்மாவை. உன்னை இல்ல. அப்பா, கோயம்புத்தூருக்கு டிக்கெட் போடுங்க."