மாசிலாமணி சார் கடைசியாக வாசித்தது

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் பேண்டை முப்பது வருஷத்துக்கு மேல் நடத்தியவர் மாசிலாமணி. அதற்கு முன்பு ராணுவ பேண்டில் யூபோனியம் வாசித்தார். மடியில் வைத்து, குழந்தையை அணைப்பது போல அணைத்துக்கொண்டு ஊதுகிற பெரிய பித்தளை வாத்தியம் அது. அவர் ஊதினால் வாத்தியச் சத்தமாகவே தோன்றாது, பக்கத்தில் யாரோ உட்கார்ந்து தணிந்த குரலில் பேசுவது போல இருக்கும் என்று சொல்வார்கள்.

அவர் அதிகம் பேசமாட்டார். மாணவர்கள் கேள்வி கேட்டால் பெரும்பாலும் "வாசி, பார்ப்போம்" என்பார். அவ்வளவுதான்.

அவரிடம் படித்தவள் ஹெப்சிபா. அந்த பேண்டில் டிரம்பெட் எடுத்த முதல் பெண். பொம்பளைப் பிள்ளை கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதினால் எவன் கட்டுவான் என்று அவளுடைய அம்மா தடுத்த காலம் அது. மாசிலாமணி வீட்டுக்கு வந்தார். கொடுத்த காபியைக் குடித்தார். போகும்போது கையில் கொண்டுவந்த டிரம்பெட்டைச் சாப்பாட்டு மேஜை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். ஒரு வாரம் அது அங்கேயே இருந்தது. மேஜையைத் துடைக்கும்போதெல்லாம் அதைத் தூக்கித் தூக்கி வைத்து அலுத்துப்போன அம்மா, "இதை எடுத்துத் தொலை" என்று மகளிடம் கொடுத்தாள்.

ஹெப்சிபாவுக்கு இப்போது நாற்பது நெருங்குகிறது. அதே கல்லூரியில் மாசிலாமணிக்கு உதவியாக வேலை பார்க்கிறாள். அவர் ஓய்வு பெற்றதும் பேண்ட் அவள் பொறுப்புக்கு வரும். அவருக்காக நடக்கப்போகும் பிரிவு உபசாரக் கச்சேரியை நடத்தும் வேலையும் அவளுக்குத்தான். பழைய மாணவர்கள் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறார்கள். துபாயிலிருந்துகூட ஒருவர் டிக்கெட் எடுத்துவிட்டார். மாசிலாமணி முன்னால் ஒரு பிசிறு இல்லாமல் எல்லாம் நடக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். அவருக்குத் தன்னால் கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான் என்று நினைத்தாள்.

கடைசி உருப்படி ஒரு தாலாட்டு. மாசிலாமணியே பேண்டுக்காக அமைத்தது. முதலில் யூபோனியம் மட்டும் தனியாக வரும். கூட ஒரு வாத்தியமும் கிடையாது. அது பாதி தூரம் போனபிறகுதான் கிளாரினெட்டுகள் சேரும்.

அந்தத் தனி வாசிப்பை நீங்களே வாசியுங்கள் என்று ஹெப்சிபா முதலில் அவரைத்தான் கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே முன்பல்லை விரலால் தட்டிக் காட்டினார். கட்டின பல். சில வருஷங்களுக்கு முன்பு ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் மேல்வரிசை போய்விட்டது. பித்தளை வாத்தியம் ஊதுகிறவருக்கு உதடு அழுந்த உறுதியான பல் வேண்டும். அதற்குப் பிறகு அவர் ஊதியதை யாரும் கேட்டதில்லை.

பேண்டில் யூபோனியம் வாசிப்பவள் வடிவு. மூன்றாம் வருஷம் படிக்கிற பெண். நல்ல காற்று, நல்ல காது. ஆனால் ஜனவரியில் கோயம்புத்தூரில் நடந்த போட்டியில் அவள் தனியாக வாசிக்கும்போது ஒரு சுரம் கீச்சென்று கிழிந்துவிட்டது. அரங்கத்தில் சிரித்தார்கள். யாரோ அதைப் படம் பிடித்து, கூடவே கோழி கூவும் சத்தத்தையும் சேர்த்து அனுப்ப, அது கல்லூரி முழுக்கப் போன் போனாகச் சுற்றியது.

அதற்குப் பிறகு வடிவு ப்ராக்டிஸுக்கு ஒழுங்காக வந்தாள். எல்லோரோடும் சேர்ந்து வாசித்தாள். தனியாக வாசிக்கச் சொன்னால் மட்டும் வாத்தியத்தை உதட்டில் வைத்தபடி அப்படியே இருந்தாள். எப்போதாவது ஒரு முறை வாசித்தால், அடுத்த இரண்டு முறை நின்றுவிடுவாள்.

ஹெப்சிபா மாசிலாமணியிடம் போனாள். வாத்திய அறையில் அவர் டிரம்பெட்டைவிடச் சின்னதான ஒரு பழைய கார்னெட்டின் பொத்தான்களுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

தாலாட்டு வடிவுக்கு வேண்டாம் என்றாள். பழைய மாணவன் சாம்ராஜ் வருகிறான், சென்னையில் சினிமாப் பாட்டுகளுக்கு யூபோனியம் வாசிக்கிறவன், அவனுக்கு இது தூக்கத்தில்கூட வரும் என்றாள். அந்தப் பிள்ளைக்கும் அதுதான் நல்லது என்றும் சொன்னாள்.

"வடிவே வாசிக்கட்டும்" என்றார் மாசிலாமணி.

"தப்பு வந்தா, சார்?"

பொத்தானை அழுத்தி அழுத்தி, அது தடையில்லாமல் மேலே வருகிறதா என்று பார்த்தார்.

ஹெப்சிபா திரும்பி வந்து தனக்குத் தெரிந்த வழியைச் செய்தாள். வடிவின் பக்கத்து நாற்காலியில் சாம்ராஜை உட்காரவைத்தாள். அவள் தொடங்காமல் நின்றால் ஒரு மூச்சு நேரம் பார், பிறகு நீ எடுத்துவிடு என்று தனியாகச் சொல்லிவைத்தாள். வடிவிடம் இதைச் சொல்லவில்லை. ஆனால் சாம்ராஜ் சொந்த யூபோனியத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்ததுமே வடிவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நாற்காலியைச் சற்றே நகர்த்தி அவனுக்கு இடம் விட்டாள்.

கச்சேரி ஒரு சனிக்கிழமை சாயங்காலம். அரங்கம் நிறைந்து, வராந்தாவிலும் நின்றார்கள். முதல்வர் பேசினார். பொன்னாடை போர்த்தினார்கள். மாலை கனமாக இருந்ததால் மாசிலாமணி அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார்.

பேண்ட் நன்றாக வாசித்தது. முதலில் ஒரு அணிவகுப்பு மெட்டு, பிறகு இரண்டு கிறிஸ்தவ ஞானப்பாட்டுகள், பிறகு பையன்கள் விசிலடிக்கிற மாதிரி ஒரு நாட்டுப்புற மெட்டு. ஹெப்சிபா நினைத்தபடியே எங்கும் ஒரு பிசிறு இல்லை. அவள் ஒவ்வொரு தடவை திரும்பி வணங்கும்போதும் அவர் முகத்தைத்தான் பார்த்தாள். அவர் எப்போதும் போலத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

தாலாட்டு வந்தது. அரங்கம் அடங்கியது. ஹெப்சிபா தாளம் காட்டும் குச்சியை உயர்த்தி, வடிவைப் பார்த்துத் தலையசைத்தாள்.

வடிவு வாத்தியத்தை உதட்டில் வைத்தாள். மூச்சை இழுத்தாள். ஒன்றும் வரவில்லை.

மறுபடியும் மூச்சை இழுத்தாள். அவளுடைய தோள்கள் மேலே ஏறி அங்கேயே நின்றுவிட்டன. பின்வரிசையில் யாரோ இருமினார்கள். யாரோ வாய்க்குள் கோழி போலச் சத்தம் எழுப்ப, நாலைந்து பேர் சிரித்தார்கள்.

ஹெப்சிபா சாம்ராஜைப் பார்த்தாள். அவன் வாத்தியத்தைத் தூக்கினான்.

அந்த நேரத்தில் மாசிலாமணி எழுந்தார். மடியிலிருந்த மாலையை மனைவியிடம் கொடுத்தார். பொன்னாடை தோளிலேயே கிடக்க, ஓரத்துப் படிக்கட்டைப் பிடித்து மேடைக்கு ஏறி, நாற்காலிகளுக்கு நடுவே வழி கேட்டு வழி கேட்டு சாம்ராஜ் பக்கத்தில் வந்து நின்றார். சாம்ராஜ் என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்துகொண்டான். மாசிலாமணி அவன் நாற்காலியில் உட்கார்ந்து, அவன் கையிலிருந்த யூபோனியத்தையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

அரங்கம் கை தட்டியது. பழைய மாணவர்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள். சார் வாசிக்கப் போகிறார். எங்கே பார்த்தாலும் போன்கள் உயர்ந்தன.

ஹெப்சிபா உயர்த்திய குச்சியை இறக்கினாள். வேண்டாம் சார் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

வாசித்தார். முதல் சுரம் காற்றும் சத்தமுமாக வந்தது. இரண்டாவது நடுங்கியது. மூன்றாவது கீச்சென்று கிழிந்து, அரங்கத்தின் கடைசி வரை கேட்டது.

யாரும் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. பழைய மாணவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். துபாயிலிருந்து வந்தவர் போனைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

மாசிலாமணி பொன்னாடையின் ஓரத்தால் உதட்டைத் துடைத்தார். முதலிலிருந்து தொடங்கினார். அதே இடத்தில் மறுபடியும் கிழிந்தது. அவர் அவசரப்படவில்லை, வெட்கப்படவும் இல்லை. பல்லைச் சரிசெய்துகொண்டு, கேட்பதற்கு யாருமே இல்லாத வீட்டில் வாசிக்கிறவர் மாதிரி, மூன்றாம் தடவை தொடங்கினார்.

வடிவு அவரைத் திரும்பிப் பார்த்தாள். பொத்தான்களில் ஓடும் அவர் விரல்களைப் பார்த்தாள். விரலில் ஒரு பிழையும் இல்லை. உதடுதான் நிற்கவில்லை. முதல் சுரம் வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவதற்கு அவர் முட்டிக்கொண்டு நின்ற இடத்தில், பக்கத்திலிருந்து அந்தச் சுரம் கேட்டது.

வடிவுதான். எப்போது வாத்தியத்தை எடுத்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. அந்த ஒரு சுரத்தை அவருக்காக எடுத்துக் கொடுத்துவிட்டு நிறுத்தப்போகிறவள் போலத்தான் வாசித்தாள். ஆனால் அடுத்த சுரம் காத்திருந்தது. அதையும் வாசித்தாள். அதற்கடுத்ததும் வந்தது.

மாசிலாமணி வாத்தியத்தை மடியில் இறக்கிக்கொண்டார்.

தாலாட்டு மெல்ல ஏறியது. நடுவில் ஓரிடத்தில் வடிவின் சுரமும் ஆடியது. அவள் நிற்கவில்லை. ஆடிய சுரத்தைத் தாண்டி அடுத்ததற்குப் போய்விட்டாள். முன்வரிசையில் மாசிலாமணியின் மனைவி மாலையைக் கையில் வைத்தபடி அழுதுகொண்டிருந்தார். ஹெப்சிபா கிளாரினெட்டுகளுக்குக் கைகாட்ட வேண்டிய இடத்தை மறந்துபோய் நின்றாள். அவள் கை ஒரு தாளத் தட்டு பிந்தித்தான் எழுந்தது. கிளாரினெட்டுகள் அவளுக்காகக் காத்திருந்து சேர்ந்துகொண்டன.

மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்து மாசிலாமணி வாத்திய அறைச் சாவியைக் கொடுக்க ஹெப்சிபாவின் வீட்டுக்கு வந்தார். அவளுடைய அம்மாவுக்கு இப்போது நடப்பது கஷ்டம், இருந்தாலும் தானே எழுந்துபோய் அவருக்குக் காபி போட்டுக் கொண்டுவந்தாள். கச்சேரி நன்றாக இருந்தது என்று எல்லோரும் பேசிக்கொள்வதாகச் சொன்னாள். மாசிலாமணி தலையாட்டிக்கொண்டே காபியை ஆற்றினார்.

ஹெப்சிபா இரவெல்லாம் சரியாகத் தூங்கவில்லை. அம்மா உள்ளே போகிறவரை காத்திருந்தாள்.

"சாம்ராஜ் அங்கதான இருந்தான், சார். அவன் வாசிச்சிருந்தா அழகா இருந்திருக்கும்."

"ஆமா. ரொம்ப அழகா இருந்திருக்கும்."

"அது உங்க நாள். நீங்க எப்படி வாசிப்பீங்கன்னு கேட்டவங்க எல்லாரும் வந்திருந்தாங்க. இப்ப எல்லார் போன்லயும் நீங்க கீச்சுனதுதான் இருக்கு."

"அதுக்குப் பின்னால அந்தப் பிள்ளை வாசிச்சது? அதுவும் அதுல விழுந்திருக்கா?"

"விழுந்திருக்கு."

"அப்ப சரி" என்று காபியைக் குடித்தார்.

ஹெப்சிபா அவர் கொடுத்த சாவியைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நாளையிலிருந்து அந்த அறையை அவள்தான் திறக்க வேண்டும். இன்னொரு வடிவு வருவாள். பக்கத்து நாற்காலியில் இவர் வந்து உட்காரமாட்டார்.

"மூணு தடவை வாசிச்சீங்க. அப்பவும் அவ எடுக்கலேன்னா என்ன சார் செஞ்சிருப்பீங்க?"

அதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பது போல மாசிலாமணி அவளைப் பார்த்தார்.

"இன்னுங் கொஞ்ச நேரம் தப்பா வாசிச்சுக்கிட்டு இருந்திருப்பேம்மா."