கட்டைகளுக்கு எண்ணெய்க் குளியல்

கடவுள் புத்தியைப் பங்கு வைத்த அன்றைக்கு, மொட்டைப்பனையூர் கீதவாணி இன்னிசைக் குழுவினர் வெளியூர்க் கச்சேரிக்குப் போயிருந்தார்கள் போலும். குழுவில் மூன்றே பேர். கீபோர்டு வாசிப்பவன் தளவாய், பாடுகிறவன் ஆவுடையப்பன், டிரம் அடிப்பவன் சொரிமுத்து. மூவருக்கும் தங்கமான மனசு. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

தளவாய்க்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். நிச்சயதார்த்தத்தில் கச்சேரியும் அவர்களுடையதுதான். கச்சேரிக்கு நடுவே பொண்ணு கோமதி அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கல்யாண வரவேற்புல எனக்காக ஒரு பாட்டு வாசிப்பீயளா?"

தளவாய் உருகிப்போய், கையை நெஞ்சில் வைத்து வாக்குக் கொடுத்தான். அந்தக் கையில் பாயச டம்ளர் இருந்தது. பாயசம் சட்டையில் கொஞ்சம், கீபோர்டில் மிச்சம் என்று இறங்கியது. அன்றிலிருந்து இடது ஓரத்தில் ஒரு கட்டையும் வலது ஓரத்தில் ஒரு கட்டையும் அமுக்கினால் அமுங்கியபடியே கிடந்தன.

வெள்ளிக்கிழமை காலையில் மெக்கானிக்குக்குப் போன் போட்டான்.

"நான் வெளியூர்ல இருக்கேன்டே. பயப்படாத," என்றார் அவர். "மொதல்ல கரண்டை எடுத்துரு. மூடியைக் கழத்தி, ஒட்டுத கட்டையை வெளிய எடு. பச்சப்புள்ளயக் குளிப்பாட்டுத மாதிரி பக்குவமா கழுவு. ஈரம் காஞ்சதும் மாட்டிரு. அவ்வளவுதான்."

தளவாய் வயரைப் பிடுங்கினான். சொரிமுத்துவுக்குத் திருப்தியில்லை.

"வயரைப் பிடுங்கினா இனிமே வாற கரண்டுதானல நிக்கும்? ஏற்கெனவே உள்ள போன கரண்டு?"

நியாயமான கேள்வி. மூவரும் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாக்கடைக்கு மேலே கவிழ்த்து, நன்றாக உதறினார்கள். ஒரு சொட்டும் விழவில்லை.

"காலியாத்தான் இருக்கு," என்றான் ஆவுடையப்பன். அதன் பிறகே மூடியில் கை வைத்தார்கள்.

இரண்டு கட்டைகளை மட்டும் கழுவினால் மற்றவற்றுக்கு ஏக்கம் வந்துவிடும் என்பதால் எல்லாவற்றையும் கழற்றிப் பாயில் பரப்பினார்கள்.

"பச்சப்புள்ளன்னா நல்லெண்ணெய் தேச்சுத்தான குளிப்பாட்டணும்," என்று சொரிமுத்து பாட்டிலைத் திறந்தான்.

"ஏல, நில்லு!" என்று ஆவுடையப்பன் அவன் கையைப் பிடித்தான். "இன்னைக்கு வெள்ளிக்கிழமை. பொம்பளைங்க எண்ணெய் தேய்க்கிற நாளு. ஆம்பளைக்கு நாளைக்குத்தான். இதுல ஆம்பளை எது, பொம்பளை எது?"

மூவரும் குனிந்து கட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்கள். கடைசியில், கீபோர்டு படித்தவன் என்ற முறையில் தளவாய் தீர்ப்புச் சொன்னான்.

"இடது பக்கத்துக் கட்டையெல்லாம் கனத்த குரல். ஆம்பளைங்க. வலது பக்கம் கீச்சுக்குரல். பொம்பளைங்க."

"நடுவுல உள்ளது?"

"இன்னும் குரல் உடையாத பயலுவ. அவனுவளையும் நாளைக்கே வச்சுக்கிடுவோம்."

வெள்ளிக்கிழமை வலது பக்கத்தார் எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டுக் குளித்தார்கள். சாம்பிராணியும் காட்டப்பட்டது. சனிக்கிழமை இடது பக்கத்தாரும் பயல்களும் குளித்தார்கள். மத்தியானம் ஆவுடையப்பனுக்குத் திடீரென்று பகீர் என்றது.

"எண்ணெய் தேச்சுக் குளிச்சா பகல்ல தூங்கக் கூடாதுல்லா? எல்லாம் படுத்துக் கெடக்குதே!"

அவசர அவசரமாக எல்லாக் கட்டைகளையும் எழுப்பிச் சுவரில் சாய்த்து நிறுத்தினார்கள். கண் அசராமல் இருக்க ஆவுடையப்பன் சாயங்காலம் வரை உச்சஸ்தாயியில் பாடிக்கொண்டிருந்தான். கட்டைகள் தூங்கவில்லை. தெருவிலும் யாரும் தூங்கவில்லை.

ஞாயிறு சாயங்காலம் வரவேற்பு. கட்டைகளையெல்லாம் திரும்ப மாட்டி மூடிய கீபோர்டின் முன், கழுத்தில் மாலையோடு வந்து நின்றான் தளவாய். கோமதி பக்கத்தில் நின்றாள். முதல் கட்டையை அமுக்கினான். அது உள்ளே போனது. போனது போனதுதான். இரண்டாவதும் அப்படியே. எண்ணெயும் சீயக்காயும் சேர்ந்து பசையாகி, விரல் பட்ட கட்டையெல்லாம் பணிவாகப் படுத்துவிட்டது. எந்தச் சத்தமும் நிற்கவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, மண்டபமே மில் சங்கு மாதிரி அலறியது. வேலை முடிந்துவிட்டது என்று பந்தி பரிமாறுகிறவர்கள் வாளியைக் கீழே வைத்தார்கள். சொரிமுத்துதான் ஓடிப்போய் வயரைப் பிடுங்கினான்.

தளவாய்க்கு அழுகையே வந்துவிட்டது. ஊரே பார்க்க, தாலி கட்டின அன்றைக்கே பொய்யனாகிவிட்டோமே என்று துடித்துப் போனான்.

"கோமதி, உனக்குக் குடுத்த வாக்கக் காப்பாத்த முடியலியே."

காலையிலிருந்து தலை குனிந்தே நின்ற கோமதி, குனிந்த வாக்கிலேயே கட்டைகளை உற்றுப் பார்த்தாள்.

"இதுக்குப் போயா அழுதீய? கல்யாண வீடுல்லா? வெக்கத்துல தலை குனிஞ்சு நிக்குதுவ. நானும் காலைலயிருந்து இப்படித்தான நிக்கேன்?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு சின்ன விஷயம் இத்தனை நாளாகத் தங்களுக்குத் தட்டுப்படவில்லையே!

"அப்ப ஆம்பளைக் கட்டை ஏன் குனியுது மைனி?" என்று கேட்டான் சொரிமுத்து.

"பொம்பளைங்க குனிஞ்சு நிக்கையில அதுவ மட்டும் நிமுந்து பாத்தா மரியாதையா இருக்குமா?"

தளவாய்க்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பத்துப் பொருத்தமும் இருக்கிறது என்று ஜோசியர் சொன்னதை ஊரில் யாரும் அதுவரை நம்பவில்லை. அந்த நிமிஷம் நம்பினார்கள்.

"எப்ப நிமுரும்?" என்று கேட்டான் தளவாய் ஆசையாக.

"நாளைக்கு மறுவீட்டு விருந்து சாப்பிட்டா எனக்கு வெக்கம் தெளிஞ்சிரும்னு எங்கம்மா சொல்லிருக்காவ. அதுவளுக்கும் அப்படித்தான் இருக்கும். கூட்டிட்டுப் போவோம்."

மறுநாள் கோமதி வீட்டில் மூன்று இலை போட்டார்கள். மாப்பிள்ளைக்கு ஒன்று, பொண்ணுக்கு ஒன்று, நடுவில் கீபோர்டுக்கு ஒன்று. சோற்றையும் குழம்பையும் அது தொடவே இல்லை.

"பாவம், புது இடம்லா, கூச்சப்படுது," என்ற மாமியார், பாயச வாளியோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு கரண்டி தன் கையாலேயே ஊட்டிவிட்டார்.