வரைபடத்தில் ஒரு மேடு

“நேத்து வேலைக்கு வந்த பொண்ணு என் வரைபடத்துல குத்தம் சொல்லுது, மேடம்!”

கலெக்டர் முன்னால் ஆலோசகர் வரதராசன் இதையே திரும்பத் திரும்பச் சொன்னார். மனுஷனுக்கு வேறு வாக்கியம் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

கொள்ளிடம் பெருகினால் எந்த ஊர் மூழ்கும் என்று கணினியில் கணக்குப் போட்டவர் அவர். வரைபடத்தில் கீழ்க்கரை ஊர் முழுக்க வெள்ளத்தின் நீலம், நடுவில் மட்டும் ஒரு மேடு. வெள்ள முகாமை அந்த மேட்டில் போடச் சொல்லிவிட்டார். அவரிடம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த செவ்வந்தியின் அம்மா அந்த ஊரில்தான் தனியாக இருக்கிறாள்.

“செயற்கைக்கோள் அளந்த உயரம்மா அது. பொய் சொல்லுமா?”

“சொல்லாது சார். முகாம் அங்கேயே இருக்கட்டும்.” செவ்வந்தி தன் போனைக் கலெக்டரிடம் நீட்டினாள். அந்த இடத்தில் எடுத்த படம். சமதரையில் நெருக்கமாகத் தென்னை மரங்கள். அடியில் ஆட்டுக்குட்டியை அணைத்துக்கொண்டு வெற்றிலை வாயோடு சிரிக்கிறாள் அம்மா.

“அது மேலேயிருந்து தென்னங்கொண்டையைத்தான் அளந்துச்சு மேடம். சார் அதைத் தரைன்னு எடுத்துக்கிட்டார்.”

கலெக்டர் திரும்பிப் பார்த்தார். வரதராசன் படத்தைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.

செவ்வந்தியின் குரல் தணிந்தது. “ஒண்ணே ஒண்ணு சார். அம்மாவுக்கு முழங்கால் சரியில்ல. வெள்ளம் வந்தா மரத்துல ஏத்திவிட ஒரு ஆளைப் போடுங்க சார்.”