லேபிள் உதிர்ந்த பெட்டி

பாறைகளைப் பற்றி எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று வாத்தியார்களுக்கு ஒரு பயிற்சி. வழக்கம்போலப் படம் ஓட்டி, கையெழுத்து வாங்கி, டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்று நம்பித்தான் எல்லோரும் தருமபுரிக்கு வந்திருந்தார்கள். பயிற்சி கொடுக்க வந்த செலின் மேடம் படமே போடவில்லை. ஆளுக்கொரு கல்லைக் கையில் கொடுத்து, "பாருங்க" என்றார். அதன் பெயரையும் சொல்லவில்லை. காலையிலிருந்து ஒரே கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

மதியம் எல்லோரும் சாப்பாட்டு வரிசைக்குப் போனார்கள். மாதையன் சார் மட்டும் செலினிடம் வந்தார். அவர் செலினைவிட ரொம்ப மூத்தவர்.

"மேடம், எங்க பள்ளிக்கூடத்துக் கல்லுப் பெட்டியில லேபிள் எல்லாம் உதிர்ந்து போச்சு. குத்துமதிப்பா ஒண்ணை எடுத்துக் காட்டி, இது அனற்பாறைன்னு சொன்னேன். சங்கவின்னு ஒரு பொண்ணு எந்திரிச்சு, 'பேரு ஒட்டலையே சார், எப்படிக் கண்டுபுடிச்சீங்க?'ன்னு கேட்டுட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உட்காருன்னேன். அன்னையிலிருந்து வாயே திறக்க மாட்டேங்கிறா. அந்த வகுப்புல கேள்வி கேக்குற ஒரே புள்ள மேடம் அவ."

மாதையன் சார் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்தார்.

"நாளைக்கு அவ முன்னாடி போய் நிக்கணும். எனக்குக் கல்லுங்க பேரை மட்டும் சொல்லுங்க, போதும்."

செலின் தன்னுடைய கல் பெட்டியைத் திறந்து மேசைமேல் வைத்தார். ஒவ்வொரு கல்லிலும் அழகாக லேபிள் ஒட்டியிருந்தது. மாதையன் சாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. படம் எடுக்கச் செல்போனை நீட்டினார்.

அதற்குள் செலின் ஒரு கல்லை எடுத்து லேபிளைப் பிய்த்தார். அடுத்ததையும் பிய்த்தார்.

"மேடம், மேடம்! என்ன பண்றீங்க?"

செலின் மீதிக் கற்களிலிருந்தும் பிய்த்தார். எல்லா லேபிளையும் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டார். கற்களைக் கலைத்து வைத்தார்.

மாதையன் சாருக்குக் கோபம் தலைக்கேறியது. வரிசையில் தட்டோடு நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

"உங்களுக்கென்ன பைத்தியமா? பேரு ஒட்டலைன்னா எப்படி மேடம் கண்டுபுடிக்கிறது?"

செலின் ஒரு லென்ஸை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார்.

"சங்கவியும் இதைத்தான் சார் கேட்டா."