சாப்பாட்டு மணி

"கடைசி வேலைக்கு முறை வராமலே போச்சுன்னா எனக்கு எப்படி மேடம் தெரியும்?"

கோதண்டம் சார் ஹபீபாவிடம் இப்படித்தான் கேட்டார். அவருக்குத் தலை முழுக்க நரை. அவளுக்கு அவர் மகள் வயது இருக்கும். ஆனாலும் அவளைக் குரு என்பார். எங்கள் கம்பெனியில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், வேறென்ன வேலை அவர்களுக்கு.

குறைமாதக் குழந்தைகளைக் கதகதப்பாக வைத்திருக்கும் பெட்டி செய்கிறோம். அதற்குள் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யும். பெரிய வேலை வந்தால் சின்ன வேலை எழுந்து இடம் விட வேண்டும்.

அந்த வரிசையைப் போட்டவர் கோதண்டம் சார். சூட்டைக் கூட்டிக் குறைப்பது முதல் வேலை. சூடு அளக்கும் கருவி உண்மை சொல்கிறதா என்று பார்ப்பது கடைசி. மற்ற வேலை இல்லாதபோது பார்த்தால் போதும் என்று நினைத்தார். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

பிறகு, பெட்டியில் நடப்பதையெல்லாம் உடனுக்குடன் ஆபீசுக்கு அனுப்பும் வேலை ஒன்றைப் புதிதாகச் சேர்த்தார்கள். அதோடு பெட்டிக்கு ஓய்வே இல்லை. கருவி கெட்டது. பார்க்க ஆளில்லை. ஒரு பெண் குழந்தை சூட்டிலேயே செத்துப்போனது.

"அந்தப் புது வேலையை எடுத்துட்டேன் மேடம். நாளைக்குப் பெட்டிங்க திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போகுது. நான்தான் சரின்னு சொல்லணும். நாளைப்பின்ன வேற எதையாவது சேர்ப்பாங்களே? வாய் வரமாட்டேங்குது."

"காவல் வைக்கலையா சார்?"

"வெச்சேனே! ஏதாவது ஒரு வேலை 'நான் இருக்கேன்'னு அந்தக் காவலுக்குக் குரல் குடுத்துக்கிட்டே இருக்கணும். குரல் நின்னா ஹீட்டரை அணைச்சிட்டு அலறும்."

"யார் குரல் குடுத்தது?"

"முதல் வேலைதான். கடைசிவரை ஒரு தடவைகூட தவறல."

"தவறாது," என்றாள் ஹபீபா. "வாங்க, சாப்பிடலாம்."

"எனக்கு இறங்காது மேடம்."

"வாங்க சார்."

எங்கள் கேன்டீனில் ஒரு மணி தொங்குகிறது. அது அடித்தால் எல்லாரும் சாப்பிட்டாயிற்று என்று அர்த்தம். முதலாளி தன் அறையில் அந்தச் சத்தத்துக்குக் காது கொடுத்திருப்பார். அதை அடிப்பவர் சூப்பர்வைசர். முதல் பந்தியில் உட்கார்ந்து, கை கழுவின ஈரத்தோடு அடித்துவிட்டுப் போவார். பின்னால் எவன் பட்டினி கிடந்தால் அவருக்கென்ன.

ஹபீபா அவரிடமிருந்து மணி அடிக்கும் கட்டையை வாங்கிக் கோதண்டம் சாரிடம் கொடுத்தாள்.

"கடைசி இலை உங்களுது. யார் வந்தாலும் எழுந்து இடம் விடுங்க. சாப்பிட்டு முடிச்சதும் நீங்களே அடிங்க."

உட்கார்ந்தார். பெயின்ட் அடிக்கும் ஆட்கள் வந்தார்கள். எழுந்தார்.

மறுபடி உட்கார்ந்தார். லாரி டிரைவர்கள் வந்தார்கள். "கொஞ்சம் தள்ளுங்க சார், லோடு நிக்குது." எழுந்தார்.

அப்புறம் வெளியூரிலிருந்து வந்த ஆடிட்டர்கள். அவர்களுக்கு அப்பளம் வேறு.

கோதண்டம் சாருக்குக் கோபம் வந்துவிட்டது. "குழந்தை செத்திருக்கு! என்ன மேடம் விளையாட்டு இது?"

"கட்டையைக் கீழ போட்டுடாதீங்க," என்றாள் அவள்.

சாம்பார் தீர்ந்தது. சோற்றுக் குண்டானைச் சுரண்டும் சத்தம் கேட்டது. அவர் சுவரோரமாகக் கட்டையோடு நின்றுகொண்டிருந்தார்.

வாசலில் தடதடவென்று சத்தம். முதலாளி ஓடி வந்தார், ஒரு காலில் செருப்பில்லை.

"என்னய்யா இது! இவ்வளவு நேரமாச்சு, மணிச் சத்தத்தைக் காணோம்! யாருக்கு என்ன ஆச்சு?"

"எனக்கு இன்னும் சோறு வரல சார்," என்றார் கோதண்டம்.

சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார். கையிலிருந்த கட்டையைப் பார்த்தார். ஓடி வந்து மூச்சு வாங்கும் முதலாளியைப் பார்த்தார். முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"அந்தப் பெட்டிக்கு யாரும் ஓடி வரல மேடம்," என்றார். "மணியை முதல் பந்திக்காரன் கையில போய்க் குடுத்துட்டேன்."