அல்லி அடுக்கிய கற்கள்

சீடர் மாசிலாமணிக்கு அறுபத்தேழு வயது. அவருடைய குரு வடிவம்மைக்கு நாற்பதுதான். குரு என்றால் வெள்ளைத் தாடி இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

பாலைநிலத்தைக் கிழித்துக்கொண்டு போகும் மலைப்பிளவு வழியே இருவரும் நடந்தார்கள். மாசிலாமணியின் தோளில் அவருடைய பேத்தி அல்லி. எட்டு வயது, தாயில்லாப் பிள்ளை. இத்தனை நாள் தாத்தாவிடம் வளர்ந்தாள். இனி என்னிடம் இருக்கட்டும் என்று தகப்பன் சொல்லி அனுப்பிவிட்டான். பிளவின் மறுமுனையில் அவன் காத்திருப்பான்.

அங்கே எல்லாத் திருப்பமும் ஒன்றுபோலவே இருக்கும். அதனால் முதல்முறை வருபவர் பாதை பிரியும் இடமெல்லாம் தன் கையால் மூன்று கல் அடுக்கிவிட்டுப் போவது வழக்கம். பிள்ளைக்குக் கை சுடுமே என்று அவளுக்காகத் தாத்தாவே அடுக்கிக்கொண்டு வந்தார்.

பாதி வழியில் அல்லி தோளிலேயே தூங்கிப்போனாள். மாசிலாமணி மெதுவாகக் கேட்டார்.

“அம்மா, இவ என்னை மறந்துடுவாளா?”

வடிவம்மை நின்றார்.

“திரும்புங்க. நாளைக்கு முதல்ல இருந்து நடப்போம்.”

“பாதி தூரம் வந்துட்டோமேம்மா! அவங்கப்பன் காத்திருப்பானே.”

“காத்திருக்கட்டும். நீங்க வந்துட்டீங்க. இவ இன்னும் புறப்படவே இல்லை.”

புரியவில்லை. ஆனாலும் ஒரு நாள் கூடக் கிடைத்ததில் கிழவருக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

மறுநாள் விடியலில் அல்லி நடந்தாள். கல் அடுக்கினாள். சரிந்தது, மறுபடி அடுக்கினாள். ஒரு சரிவில் விழுந்து முழங்கால் சிராய்த்துக்கொண்டாள். தூக்க ஓடிய மாசிலாமணியின் கையை வடிவம்மை பிடித்துக்கொண்டார். பேத்தி அழுதாள், தாத்தாவும் அழுதார். பிறகு அவளே எழுந்து, அந்த இடத்தில் ஒரு கல்லை எடுத்து வைத்தாள்.

“இது எதுக்குடா கண்ணு? இங்க பாதை பிரியலையே.”

“இங்க வழுக்கும் தாத்தா. ஞாபகம் வெச்சுக்கணும்ல.”

மறுமுனையில் தகப்பன் நின்றிருந்தான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே அல்லி போனாள். மாசிலாமணி வடிவம்மை பக்கம் திரும்பினார்.

“கடைசி நாள்மா. ஆசை தீரத் தூக்கிட்டு வரக்கூட விடலையே நீங்க.”

வடிவம்மை அவர் தோளிலிருந்த தூசியைத் தட்டிவிட்டார்.

“தூக்கிட்டே வந்திருந்தா, உங்களைத் தேடி அவ எப்படி வருவா?”