பிராந்தியில் மணந்த குதிரைச் சேணம்

முன்னொரு காலத்தில், மீசைக்கு வாசனை எண்ணெய் பூசியே பாதிப் பொழுதைக் கழித்த ராஜா ஒருவர் இருந்தார். கப்பல்காரன் ஒருவன் அவருக்கு ஒரு பீப்பாய் பிராந்தியைக் காணிக்கையாகக் கொடுத்தான். கொடுத்தவன் சும்மா போகாமல், "இதைக் குடித்தால் மட்டும் போதாது மகாராஜா. இதில் என்னென்ன மணக்கிறது என்று சொல்பவனைத்தான் எங்கள் ஊரில் கனவான் என்போம்" என்று கொளுத்திப் போட்டுவிட்டுப் போனான். வந்தது வினை.

சபையில் எல்லோருக்கும் ஒரு வாய் ஊற்றச் சொல்லி, தாமும் குடித்தார் ராஜா.

அவைப்புலவர் வாகீசர் கண்ணை மூடிக்கொண்டார். "பழைய குதிரைச் சேணம் மணக்கிறது மன்னா. அடியில் அத்திப்பழம்."

சேனாபதி விடுவாரா? "புகையிலை. பிறகு, மழையில் நனைந்த தேக்கு" என்றார். ராஜா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

விகடகவி நல்லக்கூத்தன் குடித்தான். கண்ணில் நீர் முட்டியது. "தொண்டை எரிகிறது மகாராஜா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

இப்படி ஒரு நாள் வாய்க்காதா என்றுதானே வாகீசர் காத்திருந்தார்? "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? நாக்குச் செத்தவனுக்குச் சபையில் என்ன வேலை மன்னா?" என்றார். ராஜாவும், "நாளைக்குள் இவர்கள் சொன்ன சுவையைக் கண்டுபிடி. இல்லாவிட்டால் ஊரைவிட்டுக் கிளம்பு" என்றுவிட்டார்.

வீட்டில் மனைவி செங்கமலம் தலையில் அடித்துக்கொண்டாள். "அத்திப்பழம்னு சொல்லிட்டு வந்தா வாயா வெந்துடும்? பிள்ளைங்களை இழுத்துக்கிட்டு எந்த ஊருக்குப் போறது?" கூத்தன் ஒரு பானையை எடுத்துக்கொண்டு குதிரை லாயத்துக்கு நடந்தான்.

மறுநாள் அந்தப் பானையைச் சபையில் வைத்துத் திறந்தான். ராஜா முதற்கொண்டு எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

"பெரியவர்கள் சொன்ன சுவையை நானும் கற்க வேண்டாமா மகாராஜா? பழைய சேணம் ஒன்றை அறுத்துப் போட்டேன். அத்திப்பழம், புகையிலை, நனைந்த தேக்குச் சீவல், ஒன்றையும் விடவில்லை. சேர்த்துக் காய்ச்சி இறக்கினேன். புலவர் பெருமான் குடித்துப் பார்க்கட்டும். நேற்றைய சுவைதான் என்றால் பானை முழுக்க அவருக்கே. இல்லை என்றால், நேற்று என்னதான் மணந்தது என்று அவரே சொல்லட்டும்."

வாகீசர் கிண்ணத்தை உதடு வரை கொண்டுபோனார். அதற்குமேல் கை போகவில்லை. "மன்னா, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் எரிந்தது. அவ்வளவுதான்."

"எனக்கும்" என்றார் சேனாபதி, யாரும் கேட்காமலே.

ராஜா என்ன சொல்வாரோ என்று கூத்தனுக்கு உயிரே இல்லை. ராஜாவோ நீளமாக மூச்சு விட்டார். "அப்பாடா. எனக்கு மட்டும்தான் ஒரு மணமும் தெரியவில்லையோ என்று நேற்றெல்லாம் தூக்கமே இல்லையடா" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தன் கழுத்தில் போட்டார். "இன்னும் தொண்டை எரிகிறது. எல்லோருக்கும் நீர்மோர் கொண்டுவரச் சொல்லுங்கள்."

நீர்மோர் வந்தது. மடமடவென்று குடித்தார்கள். அதில் என்ன மணக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.